உட்கரு இல்லாத சிவப்பணு உயிருள்ள செல்தானா?

கரும்பலகை (இழையைத் தொடங்கியவர்)

அன்பர்களுக்கு வணக்கம். நான் மேல்நிலைப் பள்ளியில் உயிரியல் கற்பிக்கிறேன். சென்ற வாரம் பதினொன்றாம் வகுப்பில் செல் நுண்ணுறுப்புகள் பாடத்தை முடிக்கும் தறுவாயில் ஒரு மாணவி எழுந்து கேட்டாள்: "உட்கருதான் செல்லைக் கட்டுப்படுத்துகிறது, மைட்டோகாண்ட்ரியாதான் ஆற்றல் தருகிறது என்று எழுதினோம். சிவப்பணுவில் இரண்டும் இல்லை என்றும் எழுதினோம். அப்படியானால் அது உயிரோடு இருக்கிறதா, இல்லை ஹீமோகுளோபின் நிரப்பிய பையா?"

"அது ஒரு விதிவிலக்கு" என்று நான் சொன்னேன்; மணியும் அடித்துவிட்டது. வீடு திரும்பும் வழியெல்லாம் அந்த விடை என்னை உறுத்திக்கொண்டே வந்தது. விதிவிலக்கு என்று சொன்னால் கேள்வி மூடப்படுகிறதே தவிர, அதற்கு விடை கிடைப்பதில்லை. உட்கருவை இழந்த ஒரு செல் எதனால் செயல்படுகிறது, அதை உயிருள்ளது என்று சொல்ல என்ன ஆதாரம் என்பதை அவளுக்குப் புரியும் அளவில் சொல்ல விரும்புகிறேன். துறை அறிந்தவர்கள் உதவ வேண்டும்.

சவ்வூடு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். நான் உயிர்வேதியியல் ஆய்வகம் ஒன்றில் பணியாற்றுகிறேன். அம்மாணவி பயன்படுத்திய "பை" என்ற சொல்லிலிருந்தே தொடங்கலாம். ஏனெனில் பைக்கும் செல்லுக்கும் உள்ள வேறுபாட்டைச் சிவப்பணுவைப் போலத் தெளிவாகக் காட்டும் வேறு செல் நம் உடலில் இல்லை.

சற்றே கசிகிற ஒரு பையில் பொட்டாசியம் உப்புக் கரைசலை நிரப்பிச் சோடியம் உப்புக் கரைசலில் மிதக்கவிட்டால், நாள்போக்கில் உள்ளே இருப்பதும் வெளியே இருப்பதும் ஒன்றாகிவிடும். இரத்தப் பிளாஸ்மாவில் லிட்டருக்கு ஏறத்தாழ 140 மில்லிமோல் சோடியமும், நான்கைந்து மில்லிமோல் பொட்டாசியமும் உள்ளன. சிவப்பணுவுக்குள் இது தலைகீழ்: பொட்டாசியம் வெளியில் இருப்பதைப் போல இருபது மடங்குக்கும் மேல், சோடியமோ மிகக் குறைவு. சிவப்பணுவின் சவ்வும் கசிகிறது. இருந்தும் அந்த அணு வாழும் நான்கு மாதங்களும் இந்த வேறுபாடு குலைவதில்லை. காரணம், சவ்வில் பதிந்திருக்கும் சோடியம்–பொட்டாசியம் பம்பு செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபியின் ஒவ்வொரு மூலக்கூறைச் செலவிடும்போதும் மூன்று சோடியம் அயனிகளை வெளியேற்றி, இரண்டு பொட்டாசியம் அயனிகளை உள்ளே இழுத்துக்கொள்கிறது. (இதை நண்டின் நரம்புகளில் கண்டறிந்து 1957இல் வெளியிட்ட டென்மார்க்கின் யென்ஸ் ஸ்கோவுக்கு 1997இல்தான் நோபல் பரிசு கிடைத்தது.) பம்பு நின்றால் என்ன ஆகும்? உள்ளே நெருக்கமாக அடைந்திருக்கும் ஹீமோகுளோபின் நீரை ஈர்க்கும். சோடியமும் நீரும் உள்ளே ஏறும். அணு உப்பும், உருண்டையாகும், வெடிக்கும். ஆகவே சிவப்பணு தன் வடிவத்தோடு இருப்பதே ஓயாத உழைப்பின் விளைவு.

அந்த உழைப்புக்கு ஏடிபி எங்கிருந்து வருகிறது? மைட்டோகாண்ட்ரியா இல்லாவிட்டால் ஆற்றலே இல்லை என்று மாணவர்கள் எண்ணிக்கொள்வது இயல்பு. ஆனால் குளுக்கோஸை உடைக்கும் முதல் பத்துப் படிகள், அதாவது கிளைக்காலிசிஸ், எல்லாச் செல்களிலும் சைட்டோபிளாசத்திலேயே நடப்பவை. சிவப்பணு பிளாஸ்மாவிலிருந்து குளுக்கோஸை எடுத்து, அந்தப் பத்துப் படிகளால் மூலக்கூறு ஒன்றுக்கு இரண்டு ஏடிபி ஈட்டி, மிஞ்சும் லாக்டிக் அமிலத்தை வெளியேற்றுகிறது. கல்லீரல் அதை வாங்கி மீண்டும் குளுக்கோஸாக்குகிறது. மைட்டோகாண்ட்ரியா இருந்திருந்தால் அதே குளுக்கோஸிலிருந்து முப்பது ஏடிபி அளவுக்குக் கிடைத்திருக்கும். இந்தச் சிக்கனத்தில் ஒரு பொருத்தமும் உண்டு: உடல் முழுவதற்கும் ஆக்சிஜனைச் சுமக்கும் செல், அந்த ஆக்சிஜனைத் தன் ஆற்றலுக்கு எடுத்துக்கொள்வதில்லை.

இன்னொரு வேலையும் சொல்லத்தக்கது. ஹீமோகுளோபினில் உள்ள இரும்பு ஃபெரஸ் நிலையில் இருந்தால்தான் ஆக்சிஜனைப் பிடிக்கும். நாள்தோறும் அதில் சிறு பங்கு தானாகவே ஆக்சிஜனேற்றம் அடைந்து ஃபெரிக் நிலைக்குச் சென்று பயனற்றுப் போகிறது. அதை மீட்டுக் கொண்டுவர ஒரு நொதி, ஆக்சிஜனேற்றச் சேதத்தைத் தடுக்கக் குளுட்டாதயோன், அந்தக் குளுட்டாதயோனைப் புதுப்பிக்கக் குளுக்கோஸிலிருந்தே பிரியும் மற்றொரு வினைப்பாதை என்று உள்ளுக்குள் இடைவிடாத பராமரிப்பு நடக்கிறது. அந்தப் பாதையின் முதல் நொதியான ஜி6பிடி குறைவாக உள்ளவர்களுக்கு மலேரியா மருந்தான பிரைமாகுயின் கொடுத்தால் சிவப்பணுக்கள் உடைவது, இந்தப் பராமரிப்பு எவ்வளவு இன்றியமையாதது என்பதைக் காட்டுகிறது.

பை தன்னைப் பராமரித்துக்கொள்வதில்லை என்று மாணவியிடம் சொல்லுங்கள்.

தருக்கம்

நண்பர் சவ்வூடு எழுதிய செய்திகள் எதையும் நான் மறுக்கவில்லை. அவற்றிலிருந்து எடுத்த முடிவைத்தான் மறுக்கிறேன்.

சாவி கொடுத்த கடிகாரமும் ஓடுகிறது. அதன் உள்ளே பற்சக்கரங்கள் ஒழுங்காகச் சுழல்கின்றன. அதனால் அதை உயிருள்ளது என்று யாரும் சொல்வதில்லை. சிவப்பணுவிடம் இருக்கும் பம்பு, நொதிகள், சவ்வு அனைத்தும் எலும்பு மஜ்ஜையில் உட்கரு இருந்த காலத்தில் செய்து வைக்கப்பட்டவை. டிஎன்ஏ இல்லை, புரதம் செய்யும் ரைபோசோமும் இல்லை. எனவே ஒரு பம்பு பழுதானால் புதிய பம்பு ஒன்றைச் செய்துகொள்ள இயலாது. பிரிந்து இரண்டாகவும் இயலாது. ருடால்ஃப் விர்ச்சோ 1850களில் வலியுறுத்தியது, எல்லாச் செல்லும் முன்னிருந்த செல்லிலிருந்தே தோன்றுகிறது என்பது. அந்தத் தொடரில் சிவப்பணு இறுதிக் கண்ணி. அதிலிருந்து எதுவும் தோன்றப்போவதில்லை. செல்லின் எச்சம் என்று சொல்வதுதான் துல்லியமாக இருக்கும் என்பது என் கருத்து.

குருதிப்பை

நான் இரத்த வங்கியில் ஆய்வக நுட்புநராகப் பல ஆண்டுகள் பணியாற்றியிருக்கிறேன். கோட்பாட்டு விவாதத்தில் எனக்குப் பயிற்சி இல்லை. ஆனால் இந்தக் கடிகாரத்துக்கு நாங்கள் உணவு கொடுத்து வந்திருக்கிறோம் என்பதைச் சொல்லியாக வேண்டும்.

இரத்தம் சேகரிக்கும் பையில் முன்கூட்டியே ஒரு கரைசல் இருக்கும். பலருக்கும் அது இரத்தம் உறையாமல் இருப்பதற்கான மருந்து என்று மட்டுமே தெரியும். சிட்ரேட் அதற்காகத்தான், ஆனால் அதோடு டெக்ஸ்ட்ரோஸும், பாஸ்பேட்டும், சிபிடிஏ-1 என்ற வகையில் அடினினும் உண்டு. டெக்ஸ்ட்ரோஸ், அதாவது குளுக்கோஸ், சிவப்பணுக்களுக்கு உணவு. அடினின் அவை ஏடிபியைத் தக்கவைத்துக்கொள்ள உதவும் பொருள். பையை 2 முதல் 6 டிகிரி செல்சியஸில் வைக்கிறோம். சிபிடிஏ-1 கரைசலில் 35 நாள், அதைவிட ஊட்டமான சேர்ப்புக் கரைசல்களில் 42 நாள் வரை பயன்படுத்தலாம். அதன் பிறகு அந்தப் பையை எவருக்கும் ஏற்றக் கூடாது.

நாள் எண்ணுவதற்குக் காரணம் உண்டு. குளிரில் பம்பு மெதுவாகிறது. பொட்டாசியம் வெளியே கசிகிறது. பழைய பையின் மேல்நீரில் பொட்டாசியத்தை அளந்தால் மிக உயர்ந்திருக்கும். பச்சிளம் குழந்தைகளுக்குப் புதிய இரத்தத்தைத் தேடுவதன் காரணங்களில் இதுவும் ஒன்று. ஆக்சிஜனைத் திசுக்களில் இறக்கிவிட உதவும் பிபிஜி என்ற பொருளும் முதல் இரண்டு வாரங்களிலேயே பெரும்பாலும் தீர்ந்துவிடுகிறது. ஆனால் அந்த அணுக்களை ஒருவர் உடலில் ஏற்றிய பிறகு நடப்பதுதான் இங்கே முக்கியம். உடலின் வெப்பத்தில் பம்பு மீண்டும் முழு வேகத்தில் இயங்கத் தொடங்குகிறது, இழந்த பொட்டாசியம் திரும்புகிறது, இரண்டு மூன்று நாள்களுக்குள் பிபிஜியும் ஏறத்தாழப் பழைய அளவுக்கு வந்துவிடுகிறது. சோர்ந்தது தேறுகிறது என்று நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

தேறாத நிலையையும் பார்த்திருக்கிறேன். முன்பு பணியாற்றிய ஓரிடத்தில், குளிர்சாதனப் பெட்டியின் வெப்பக் கட்டுப்பாடு ஒரு வார இறுதியில் பழுதாகி, உட்சுவரை ஒட்டியிருந்த பைகள் உறைந்துபோயின. திங்கட்கிழமை காலையில் அவை இளகியிருந்தன. நல்ல பையைச் செங்குத்தாக வைத்தால் அடியில் கருஞ்சிவப்பாக அணுக்கள் படிந்து, மேலே வைக்கோல் நிறத்தில் பிளாஸ்மா தெளிந்து நிற்கும். இவற்றில் அந்தக் கோடே இல்லை. மேலிருந்து கீழ்வரை ஒரே சிவப்பு, கண்ணாடி போல ஒளி ஊடுருவும் சிவப்பு. பனிப்படிகங்கள் சவ்வைக் கிழித்திருந்தன. ஹீமோகுளோபின் முழுவதும் பையில்தான் இருந்தது. ஒரு மூலக்கூறுகூட எங்கும் போகவில்லை. ஆயினும் அத்தனையையும் அழிப்பதற்கு ஒதுக்கினோம். அன்றைக்கு அங்கே இல்லாமல் போனது எது என்று தருக்கம் ஐயா சொல்ல வேண்டும்.

நெய்தல்

இலங்கையிலிருந்து எழுதுகிறேன். எங்கள் உயர்தர வகுப்புகளில் இதைச் செங்குழியம் என்றும், செல்லைக் கலம் என்றும், மைட்டோகாண்ட்ரியாவை இழைமணி என்றும் கற்பிக்கிறோம். அந்தச் சொற்களை நான் பயன்படுத்தினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆசிரியர் அவர்கள் மாணவிக்கு விளக்கும்போது, செங்குழியம் கரு இல்லாமல் பிறக்கவில்லை, கருவோடு பிறந்து அதைத் துறக்கிறது என்பதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். என்பு மச்சையில் அதன் முன்னோடிக் கலங்கள் ஒரு விழுங்கற்கலத்தைச் சூழ்ந்து, தாயைச் சுற்றிய பிள்ளைகளைப் போல ஒட்டியிருந்து வளர்கின்றன. பல முறை பிரிவடைந்து, ஹீமோகுளோபினை நிரப்பிக்கொண்ட பிறகு, கரு சுருங்கி இறுகி ஓரமாக ஒதுங்குகிறது. பின்னர், பிரிவின்போது கலம் இடுங்குவதைப் போன்ற ஓர் இடுங்கல் ஏற்பட்டு, மெல்லிய மென்சவ்வு போர்த்திய நிலையில் கரு வெளியே தள்ளப்படுகிறது. நடுவில் இருக்கும் விழுங்கற்கலம் அதை உடனே விழுங்கிச் செரித்துவிடுகிறது.

எஞ்சிய இளங்கலத்தில் இழைமணிகளும் றைபோசோம்களும் இன்னும் மிச்சமிருக்கும். கரு போன பிறகும் அது ஓரிரு நாள் புரதம் தொகுக்கிறது. ஏற்கெனவே எழுதப்பட்ட ஆர்என்ஏ அதற்குப் போதும். சாயமிட்டுப் பார்த்தால் அந்த ஆர்என்ஏ வலைபோலத் தெரிவதால் அதற்கு வலைக்குழியம் என்று பெயர். இரத்தத்தில் வலைக்குழியங்களின் வீதத்தை எண்ணித்தான் மச்சை எவ்வளவு சுறுசுறுப்பாக வேலை செய்கிறது என்று வைத்தியர்கள் அறிகிறார்கள். பிறகு இழைமணிகளையும் கலம் தானே சுற்றி வளைத்துச் செரித்துவிடுகிறது. எச்சம் என்றால் எஞ்சிக் கிடப்பது. இங்கே நடப்பது ஒழுங்கான படிமுறையில், கலமே தன் கையால் செய்து முடிக்கும் துறவு. இந்தப் பாகுபாட்டை நான் முக்கியமாகக் கருதுகிறேன்.

தருக்கம்

குருதிப்பை அவர்களின் உறைந்த பை என்னை நெடுநேரம் யோசிக்க வைத்தது. அங்கே போனது ஒழுங்கமைவு என்பதை ஏற்கிறேன். உணவு பெறுதல், தேறுதல் ஆகியவற்றை என் கடிகார உவமை தாங்காது என்பதையும் ஏற்கிறேன். ஆனால் ஒன்று எஞ்சுகிறது. உயிருள்ளவை மூப்படைகின்றன, பொருள்கள் தேய்கின்றன. சிவப்பணுக்கள் மூத்து இறக்கின்றனவா, அல்லது ஓட்டத்தில் எந்த நாளிலும் எந்த அணுவும் தற்செயலாக உடைகிறதா? 120 நாள் என்பது வெறும் சராசரி என்றால், அது கண்ணாடிக் குவளைகள் உடைவதைப் போன்றதுதான்.

சவ்வூடு

இந்தக் கேள்விக்கு நேரடியாக விடை தந்த சோதனை ஒன்று உண்டு. என் மனத்துக்கு மிகவும் நெருக்கமானது என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் டேவிட் ஷெமின் என்ற உயிர்வேதியியலாளர், நைட்ரஜன்-15 என்ற கனமான நைட்ரஜனைச் சேர்த்த கிளைசின் என்ற அமினோ அமிலத்தைத் தயாரித்து, 66 கிராம் அளவுக்கு மூன்று நாள்களில் தாமே உட்கொண்டார். நைட்ரஜன்-15 கதிரியக்கம் அற்றது. எடையால் மட்டும் வேறுபடுவது. பிறகு மாதக்கணக்கில் தம் இரத்தத்தை எடுத்து, ஹீமோகுளோபினில் இரும்பைத் தாங்கும் ஹீம் என்ற பகுதியில் அந்த நைட்ரஜன் எவ்வளவு இருக்கிறது என்று அளந்து வந்தார். கிளைசினிலிருந்துதான் உடல் ஹீமைக் கட்டுகிறது என்பது தெரியவந்தது; அதுவே பெரிய கண்டுபிடிப்பு.

ஆனால் அந்த அளவு நாள்போக்கில் மாறிய விதம் வேறொன்றையும் சொன்னது. அணுக்கள் தற்செயலாக உடைந்துகொண்டிருந்தால், குறியிட்ட ஹீமின் அளவு உச்சத்தை அடைந்த மறுநாளிலிருந்தே குறைந்திருக்க வேண்டும். அப்படி நடக்கவில்லை. அளவு ஏறி, மேட்டுநிலம் போலப் பல வாரங்கள் நின்று, அதன் பிறகே சரிந்தது. ஒரே காலத்தில் பிறந்த அணுக்கள் ஒரே காலத்தில் மறைந்தன என்பதுதான் அதன் பொருள். டேவிட் ரிட்டன்பெர்க்குடன் சேர்ந்து 1946இல் அவர் வெளியிட்ட கணக்கில், சராசரி வாழ்நாள் 127 நாள் என்று வந்தது. அதற்கு முன்பே 1919இல் வினிஃப்ரெட் ஆஷ்பி, வேறு வகை இரத்தம் ஏற்றப்பட்டவர்களின் உடலில் அந்த அணுக்களைத் தனியே எண்ணி, அவை வாரக்கணக்கில் நீடிப்பதைக் காட்டியிருந்தார். ஆனால் வயதுக்கேற்ற இறப்பை இவ்வளவு தெளிவாகக் காட்டியது ஷெமினின் இரத்தம்தான்.

எனவே சிவப்பணு மூப்படைகிறது. நொதிகள் தளர்கின்றன, சவ்வு துளித்துளியாக இழக்கப்படுகிறது, வளையும் தன்மை குறைகிறது. சுமார் 8 மைக்ரோமீட்டர் அகலமுள்ள அணு, மண்ணீரலில் ஒரு மைக்ரோமீட்டர் அளவே உள்ள இடுக்குகளில் நுழைந்து வெளிவர வேண்டும். இளைய அணு வளைந்து நெளிந்து கடந்துவிடும். அதன் சவ்வுக்குக் கீழே ஸ்பெக்ட்ரின் என்ற புரதம் மீன்வலை போலப் பின்னியிருப்பதாலும், இருபுறமும் குழிந்த வடிவில் தேவைக்கு மேல் பரப்பு இருப்பதாலும் அது இயல்கிறது. மூத்த அணு அங்கே சிக்குகிறது. அதோடு, சவ்வின் உட்புறமாகவே இருக்க வேண்டிய பாஸ்பாட்டிடைல் செரின் என்ற கொழுப்பு வெளிப்புறத்தில் தலைகாட்டுவது போன்ற அடையாளங்களைக் கண்டு விழுங்கு செல்கள் அதைப் பிடித்துக்கொள்கின்றன. நம் உடலில் ஒவ்வொரு நொடியும் இருபது இலட்சத்துக்கும் மேற்பட்ட சிவப்பணுக்கள் இவ்வாறு விடைபெறுகின்றன. அதே எண்ணிக்கையில் புதியவை மஜ்ஜையிலிருந்து வருகின்றன. இரும்பு வீணாவதில்லை, அடுத்த அணுவுக்குப் போகிறது.

மாலைநடை

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். என் தந்தையாருக்கு "மூன்று மாதச் சர்க்கரை" என்று ஒரு பரிசோதனை எடுக்கச் சொல்கிறார்கள். மூன்று மாதம் என்ற கணக்கு இந்த 120 நாளோடு தொடர்புடையதா?

குருதிப்பை

ஆம், நேரடியான தொடர்புதான். எச்பிஏ1சி என்ற அந்தப் பரிசோதனையில், ஹீமோகுளோபினில் எத்தனை விழுக்காட்டில் குளுக்கோஸ் ஒட்டியிருக்கிறது என்று அளக்கிறோம். அது நொதியின் உதவியின்றித் தானாகவே ஒட்டுவது. ஒட்டினால் அந்த அணு சாகும்வரை போகாது. அணுவுக்குப் புதிய ஹீமோகுளோபின் செய்யும் வழியும் இல்லை என்பதால், அது வாழ்ந்த வாரங்களின் சர்க்கரை அளவு அதில் பதிந்துவிடுகிறது. அணுக்கள் உரிய காலத்துக்கு முன்பே உடையும் நோய் உள்ளவர்களுக்கு இந்த எண் உண்மையைவிடக் குறைவாக வரும். உங்கள் தந்தையாருக்கு அத்தகைய சோகை இருந்தால் மருத்துவரிடம் முன்கூட்டியே தெரிவியுங்கள்.

பனங்காடு

தாவரவியல் பக்கத்திலிருந்தும் ஒரு சாட்சி. உட்கருவைத் துறந்து உயிர்வாழும் செல் சிவப்பணு மட்டுமன்று. இலையில் உருவான சர்க்கரையை வேருக்கும் காய்க்கும் கொண்டுசெல்லும் புளோயத்தின் சல்லடைக் குழாய்ச் செல்களும் முதிரும்போது உட்கருவையும் ரைபோசோம்களையும் இழந்துவிடுகின்றன. பனையிலோ தென்னையிலோ பாளையைச் சீவும்போது வடியும் பதநீர் அந்தக் குழாய்களின் வழியாக வந்ததுதான்.

இதில் பனை குடும்பத்துக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. வேம்பு, புளி போன்ற மரங்களில் ஆண்டுதோறும் புதிய புளோயம் உருவாகிப் பழையது ஒதுங்கிவிடும். பனையின் தண்டில் அத்தகைய இரண்டாம் நிலை வளர்ச்சி இல்லை. அடிமரத்தில் உள்ள சல்லடைக் குழாய்கள் மரம் இளமையாக இருந்தபோது தோன்றியவை; மரம் நிற்கும் காலம்வரை அவையே வேலை செய்ய வேண்டும். அதாவது, நம் தாத்தா ஏறிய பனையில் உட்கரு இல்லாத செல்கள் பல பத்தாண்டுகளாக உயிரோடு இருக்கின்றன. ஒரே ஒரு வேறுபாடு: ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் உட்கருவுள்ள துணை செல் ஒன்று இருந்து, நுண்ணிய இணைப்புகளின் வழியாகத் தேவையான புரதங்களை அனுப்பிக்கொண்டிருக்கிறது. சிவப்பணுவுக்கு அப்படித் துணை யாரும் இல்லை. அதனால்தான் அதற்கு 120 நாள், இதற்கு ஒரு நூற்றாண்டு என்று எனக்குத் தோன்றுகிறது.

உட்கரு இல்லாமல் செல் எவ்வளவு தூரம் போகும் என்பதை ஜெர்மானியரான யோவாக்கிம் ஹேமர்லிங் 1930களில் அசிடாபுலேரியா என்ற கடற்பாசியில் சோதித்தார். குடை போன்ற உருவமும் சில சென்டிமீட்டர் உயரமும் உடைய அது ஒரே செல். உட்கரு அடிப்பகுதியில் இருக்கும். அடியை வெட்டி நீக்கிய பிறகும் காம்பு பல வாரங்கள் உயிரோடு இருந்தது மட்டுமன்றி, புதிய குடை ஒன்றையும் வளர்த்தது. அந்தக் குடையையும் வெட்டினால் மறுமுறை வளரவில்லை. உட்கரு முன்பே அனுப்பி வைத்திருந்த செய்திகள் ஒரு முறைக்குப் போதுமாக இருந்தன. இன்று அவற்றை நாம் தூது ஆர்என்ஏ என்கிறோம்.

நெய்தல்

பனையைப் பற்றிய செய்தி எனக்குப் புதியது, மிக்க நன்றி. எங்கள் பக்கத்துப் பனைகளை இனி வேறு கண்ணோடுதான் பார்ப்பேன்.

செங்குழியம் உள்ளுறுப்புகளைத் துறந்ததால் அறிவியலுக்குக் கிடைத்த நன்மை ஒன்றையும் சொல்லத் தோன்றுகிறது. 1925இல் நெதர்லாந்தின் லெய்டன் நகரில் கோர்ட்டரும் கிரெண்டலும் செங்குழியங்களிலிருந்து கொழுப்பைப் பிரித்தெடுத்து, நீர்ப்பரப்பின் மேல் ஒற்றை மூலக்கூற்றுப் படலமாகப் பரப்பினார்கள். அதன் பரப்பளவு அந்தக் கலங்களின் மேற்பரப்பைப் போல இரு மடங்கு இருந்தது. ஆகவே கலமென்சவ்வு இரண்டு அடுக்குக் கொழுப்பால் ஆனது என்று முடிவு செய்தார்கள். வேறு எந்தக் கலத்தை எடுத்திருந்தாலும் கரு, இழைமணி ஆகியவற்றின் மென்சவ்வுகளும் சேர்ந்து கணக்கைக் கெடுத்திருக்கும். உண்மையில் அவர்கள் கொழுப்பை முழுமையாகப் பிரிக்கவில்லை, கலத்தின் பரப்பையும் குறைவாகக் கணித்தார்கள். இரு பிழைகளும் ஒன்றையொன்று சரிக்கட்டியதால் விடை சரியாக வந்தது. மென்சவ்வில் நீர் செல்வதற்கென்றே உள்ள வாயிலைப் பீட்டர் ஏக்ரே இனங்கண்டதும் செங்குழியத்தில் கிடைத்த ஒரு புரதத்தைத் தொடர்ந்து சென்றதால்தான். அதற்கு 2003இல் வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

மாலைநடை

இன்னொரு கேள்வி. உட்கருவைத் துறப்பது அவ்வளவு நன்மை என்றால், கோழிக்கும் மீனுக்கும் தவளைக்கும் ஏன் உட்கருவுள்ள சிவப்பணுக்கள் இருக்கின்றன?

சவ்வூடு

நல்ல கேள்வி. பாலூட்டிகளுக்கு ஆக்சிஜன் தேவை அதிகம், அதனால் உட்கருவை நீக்கி ஹீமோகுளோபினுக்கு இடம் கொடுத்தன என்று பல நூல்கள் எளிதாக எழுதிவிடுகின்றன. என்னால் அதை முழுமையாக ஏற்க இயலவில்லை. வானில் இறக்கையடித்துப் பறக்கும் பறவைக்கு நம்மைவிட ஆக்சிஜன் தேவை மிகுதி. அதன் சிவப்பணுவில் உட்கரு மட்டுமன்றி மைட்டோகாண்ட்ரியாவும் உண்டு. ஆகவே உட்கருவை நீக்கினால்தான் ஆகும் என்ற கட்டாயம் இருந்ததாகத் தெரியவில்லை. உட்கரு போனதால் சிறிய, மிக எளிதில் வளையக்கூடிய, ஓர் அணுவில் ஏறத்தாழ 27 கோடி ஹீமோகுளோபின் மூலக்கூறுகளை அடைத்துக்கொள்ளக்கூடிய செல் கிடைத்தது என்பது மட்டும் உறுதி.

தருக்கம் அவர்களுக்கு ஒரு செய்தி: உட்கருவுள்ள கோழியின் சிவப்பணு வாழ்வது ஏறத்தாழ ஒரு மாதம், உட்கருவற்ற நம்முடையது நான்கு மாதம்.

அதே நேரத்தில், உட்கரு இல்லாமையின் விலையையும் மறைக்கக் கூடாது. அரிவாள் செல் சோகையில் ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் ஆறாம் இடத்தில் குளுட்டாமிக் அமிலத்துக்குப் பதில் வாலைன் அமர்கிறது. ஆக்சிஜன் இறங்கியதும் மூலக்கூறுகள் கம்பிகளாகச் சேர்ந்து அணுவை வளைத்துவிடுகின்றன. 120 நாள் வாழ வேண்டிய அணு 10 முதல் 20 நாளில் அழிகிறது. இந்தியாவில் இது 1952இல் முதலில் அறியப்பட்டது நீலகிரியின் பழங்குடி மக்களிடம்தான். துன்பம் முழுவதும் சிவப்பணுவில் நிகழ்ந்தாலும் திருத்துவதற்கு அங்கே மரபணு இல்லை. அதனால்தான் 2023இல் ஒப்புதல் பெற்ற மரபணுத் திருத்தச் சிகிச்சை, மஜ்ஜையின் குருத்தணுக்களை வெளியே எடுத்துத் திருத்தி மீண்டும் உடலில் செலுத்துகிறது.

தருக்கம்

என் நிலைப்பாட்டைத் திருத்திக்கொள்கிறேன். "எச்சம்" என்ற சொல்லைத் திரும்பப் பெறுகிறேன். சிவப்பணு உயிருள்ள செல். ஆனால் உயிரி அன்று. தனக்கென ஒரு வழித்தோன்றலைக் கொண்டிராமல், உடல் என்ற உயிரியின் ஓர் உறுப்பாக மட்டுமே வாழ்வது. பாடநூல் "செல் உயிரின் அடிப்படை அலகு" என்று ஒரே வரியில் சொல்லும்போது இந்த இரண்டு பொருள்களும் கலந்துவிடுகின்றன என்பதுதான் என் தொடக்கக் குழப்பத்துக்கும் காரணம் என்று நினைக்கிறேன்.

கரும்பலகை

அனைவருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. இவ்வளவையும் சொல்லால் மட்டும் விளக்காமல் கண்ணால் காட்ட வேண்டும் என்று எண்ணி, சனிக்கிழமை சிறப்பு வகுப்பில் செய்ததை எழுதுகிறேன்.

மாணவர்களின் விரலில் குத்தி இரத்தம் எடுப்பதை நான் எப்போதும் தவிர்க்கிறேன். கறிக்கடையில் முன்னதாகச் சொல்லி வைத்து, சோடியம் சிட்ரேட் கரைசல் ஊற்றிய இரண்டு குப்பிகளில் கோழி இரத்தமும் ஆட்டு இரத்தமும் வாங்கி வந்தேன். கையுறை அணிந்து, 0.9 விழுக்காடு உப்புக் கரைசலில் நீர்க்கச் செய்து, சிறிது மெத்திலீன் நீலம் சேர்த்துச் சற்று நேரம் காத்திருந்து, 400 மடங்கு உருப்பெருக்கத்தில் வைத்தோம். கோழியின் அணுக்கள் நீள்வட்டமாக, நடுவில் நீலப் புள்ளியோடு தெரிந்தன. ஆட்டின் அணுக்கள் மிகச் சிறியவை, 4 மைக்ரோமீட்டர்கூட இராது. புள்ளி எதுவும் இல்லாமல் வெறும் வட்டங்களாக இருந்தன.

பிறகு கண்ணாடி மூடியின் ஓரத்தில் வாலைவடிநீர் ஒரு துளி விட்டு, எதிர்ப்புறம் வடிதாளால் உறிஞ்சினோம். ஆட்டு இரத்தத் தகட்டில் வட்டங்கள் ஒவ்வொன்றாக வெளிறி, ஒன்றும் இல்லாத வெளியைப் போலாகிவிட்டன. கோழித் தகட்டில் நீள்வட்டங்கள் உப்பி மறைந்தன. நீலப் புள்ளிகள் மட்டும் எஞ்சி, சுற்றிலும் எதுவும் இல்லாமல் நீரோட்டத்தில் நகர்ந்தன.

கேள்வி கேட்ட மாணவி நுண்ணோக்கியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. பின்னால் வரிசையில் நின்றவர்கள் அவசரப்படுத்தியும் அவள் சில நிமிடம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "சார், உட்கரு அப்படியேதான் இருக்கிறது. செல்தான் போய்விட்டது" என்றாள். நான் எதுவும் சொல்லவில்லை. அவள் செய்முறைக் குறிப்பேட்டில் இரண்டு படங்கள் வரைந்தாள்: ஒன்றில் புள்ளி இல்லாத வட்டம், மற்றதில் வட்டம் இல்லாத புள்ளி. எது உயிருள்ளது என்று இரண்டின் கீழும் அவளே எழுதியிருந்தாள்.